புகார் எண் கிடைத்த பிறகு

தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை, ஓடை அடைத்துக் கிடக்கிறது என்றால் இன்றைக்குக் குமரி மாவட்டத்தில் அதைச் சொல்ல இடத்துக்குப் பஞ்சமில்லை. ஊராட்சி மணி இருக்கிறது. 1100 இருக்கிறது. திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம். மத்திய அரசின் குறைதீர் இணையதளமும் உண்டு. எங்கே சொன்னாலும் கைபேசிக்கு ஒரு எண் வந்துவிடுகிறது. எண் வந்ததோடு வேலை ஆகிவிட்டது என்று சிலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். எண் வந்தும் ஒன்றும் நடக்கவில்லையே என்று சிலர் வெறுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று இரண்டு தரப்புக்கும் யாரும் எடுத்துச் சொன்னதில்லை. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

குறையை மேலே கொண்டுபோய்ச் சொல்வது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் 1956 நவம்பர் 1 வரை இருந்த நாடு இது. திருவிதாங்கூரில் 1904-இல் தொடங்கிய ஸ்ரீமூலம் பிரஜா சபையில் தாலுகாக்களிலிருந்து போனவர்கள் ஊர்க்குறைகளைத் திவான் முன்னால் எடுத்துச் சொன்னார்கள். சொன்ன குறையும் அதற்கு வந்த பதிலும் சபை நடவடிக்கைகளில் அச்சேறின. யார் என்ன கேட்டார், அரசு என்ன சொன்னது என்று பின்னால் வருகிறவர் புரட்டிப் பார்க்க முடிந்தது. கணினி வந்த பிறகு இதைவிட அதிகமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பக்கத்துத் தெருக்காரர் கொடுத்த புகார் என்ன ஆனது என்று இன்று உங்களால் பார்க்க முடியாது. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் எந்தக் கதவைத் தட்டுவது?

கிராம ஊராட்சி சம்பந்தப்பட்ட எதற்கும் நேரான வழி ஊராட்சி மணி. ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறை 2023-இல் தொடங்கிய அழைப்பு மையம் இது, எண் 155340. கட்டணம் கிடையாது. ஊராட்சிக்கென்றே உள்ள எண் என்பதால், உங்கள் புகார் வேறு துறைகளைச் சுற்றி வரத் தேவையில்லை.

1100 என்பது எல்லாத் துறைகளுக்கும் பொதுவானது. 2021 மே மாதத்துக்குப் பிறகு, முதல்வரின் தனிப்பிரிவு, 1100 உதவி மையம், தேர்தல் நேரத்தில் ஊர் ஊராகப் பெட்டி வைத்து வாங்கிய மனுக்களைக் கவனித்த பிரிவு ஆகியவற்றை ஒன்றாக்கி ‘முதல்வரின் முகவரி’ என்று தனித்துறையே அமைத்தார்கள். திங்கட்கிழமை மனு நாளில் நீங்கள் கொடுக்கும் தாளும் இப்போது கணினியில் ஏறி எண் பெறுகிறது. 2023 டிசம்பரில் தொடங்கிய ‘மக்களுடன் முதல்வர்’, 2025 ஜூலையில் தொடங்கிய ‘உங்களுடன் ஸ்டாலின்’ ஆகிய முகாம்களில் வாங்கிய மனுக்களும் அப்படித்தான்.

மத்திய அரசின் இணையதளத்தில் கிராமத்து விளக்கைப் பற்றி எழுதினால் அது மாநிலத்துக்குத்தான் திரும்பி வரும். தேசிய நெடுஞ்சாலை, தபால், ரயில்வே, வங்கி என்று மத்திய அரசின் கையில் உள்ளவற்றுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். ஒரே குறையை நான்கு இடங்களில் சொன்னால் நான்கு மடங்கு வேகமாக நடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நான்கும் கடைசியில் வந்து இறங்குவது ஒரே மேசையில்தான், யூனியன் ஆபீசில். அங்கே இருப்பவர் விளக்கைப் பார்க்கப் போக வேண்டிய நேரத்தில் ஒரே பதிலை நான்கு முறை ஏற்றிக்கொண்டிருப்பார். ஒரு கதவைத் தட்டுங்கள். குறிப்பிட்ட நாளில் திறக்காவிட்டால் அடுத்த கதவுக்குப் போங்கள்.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கலை இங்கே விரிவாகவே சொல்ல வேண்டும். நம் புகார்களில் பல வழிதவறிப் போவதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

மதுரைக்கு வடக்கே போனால் ஒரு ஊர் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியும். நடுவில் பொட்டல் இருக்கும், வயல் இருக்கும். இங்கே அப்படியில்லை. விளவங்கோடு, கல்குளம் பக்கம் தென்னந்தோப்பும் ரப்பர் தோட்டமும் வீடுமாக ஊரோடு ஊர் ஒட்டிக்கிடக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்களில் 82 சதவீதம் பேர் நகர்ப்புறத்தில் வாழ்கிறவர்கள். ஆனால் அந்த ‘நகர்ப்புறம்’ பெரும்பாலும் பேரூராட்சிகள்தான். 2019 உள்ளாட்சித் தேர்தலின்போது இங்கே இருந்த கிராம ஊராட்சிகள் 95, ஒன்றியங்கள் 9. பேரூராட்சிகளோ ஐம்பதுக்கு மேல். தோவாளை வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். செண்பகராமன்புதூர், ஈசாந்திமங்கலம், தெரிசனங்கோப்பு எல்லாம் கிராம ஊராட்சிகள். பக்கத்திலேயே பூதப்பாண்டி, தாழக்குடி, அழகியபாண்டியபுரம் மூன்றும் பேரூராட்சிகள். நடந்து போகிற தூரத்தில் நிர்வாகம் மாறிவிடுகிறது.

கிராம ஊராட்சி ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் வருவது. பேரூராட்சி நகராட்சி நிர்வாகத்தின் கீழ் வருவது. முன்னதுக்கு யூனியன் ஆபீஸ், வட்டார வளர்ச்சி அலுவலர் என்கிற பி.டி.ஓ.; பின்னதுக்குச் செயல் அலுவலர். பேரூராட்சித் தெருவில் நின்றுகொண்டு 155340-ஐ அழைத்தால் அந்தப் புகார் வேறு துறைக்கு மாற வேண்டும், அல்லது ‘இவ்வலுவலகம் தொடர்புடையதல்ல’ என்று முடிய வேண்டும். இந்தக் குழப்பம் மக்களுடைய அறியாமையால் மட்டும் வந்ததல்ல. 2004-இல் அரசே பேரூராட்சிகளைச் ‘சிறப்பு நிலை கிராம ஊராட்சி’ என்று மாற்றி, 2006-இல் மறுபடியும் பேரூராட்சி ஆக்கியது. அண்மைக் காலத்தில் நாகர்கோவில் மாநகராட்சியோடும் புதிய நகராட்சிகளோடும் ஊர்கள் சேர்க்கப்படுகின்றன. ஆகவே புகார் கொடுக்கும் முன் உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதன் தலைப்பில் எந்த அமைப்பின் பெயர் இருக்கிறதோ அதுதான் உங்கள் உள்ளாட்சி.

அடுத்தது, அந்தப் பொருள் யாருடையது என்பது. கம்பம் மின்வாரியத்துடையது, அதில் தொங்கும் பல்பு ஊராட்சியுடையது. பல்பு போனால் 155340. கம்பி அறுந்தாலோ, கம்பம் சாய்ந்தாலோ, தெருவுக்கே கரண்ட் இல்லை என்றாலோ மின்வாரியம் 2021-இல் திறந்த மின்னகம், 94987 94987. குடிதண்ணீரில் பெரிய குழாய் குடிநீர் வடிகால் வாரியத்துடையது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருவுக்கு வருகிற குழாயும் அதைத் திறந்துவிடுகிற தொட்டி இயக்குபவரும் ஊராட்சியின் பொறுப்பு. ஊருக்கே தண்ணீர் வரவில்லையென்றால் பெரும்பாலும் குறை மேலே இருக்கிறது. உங்கள் தெருவுக்கு மட்டும் வரவில்லையென்றால் ஊராட்சியில் இருக்கிறது. இந்த ஒரு வரியைப் புகாரில் எழுதிவிட்டாலே பாதி அலைச்சல் குறையும்.

சாலைகளில் நெடுஞ்சாலைத் துறையின் சாலை, ஒன்றியச் சாலை, ஊராட்சித் தெரு என்று பிரிவு உண்டு. பஸ் போகிற சாலை என்றால் பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறை. அதற்கு 2023-இல் ‘நம்ம சாலை’ என்ற செயலியே வந்திருக்கிறது. சானல்கள் நீர்வளத் துறையுடையவை. அனந்தனார் சானலிலோ தோவாளைச் சானலிலோ கரை உடைந்தால் ஊராட்சிச் செயலரால் ஒன்றும் செய்ய முடியாது. மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் சொல்வதுதான் பலன் தரும், அங்கே நீர்வளத் துறைப் பொறியாளர் எதிரே உட்கார்ந்திருப்பார். குளங்கள்தான் சிரமம். மாவட்டத்தில் 2,000-க்கும் மேற்பட்ட குளங்கள் இருக்கின்றன. சில நீர்வளத் துறை, சில உள்ளாட்சி, சில கோவில் வகை. ஒரு குளம் யாருடையது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு, புல எண்ணோடு எழுதினால்தான் புகார் ஒரு கையில் நிற்கும்.

இனி எண் கிடைத்த பிறகு அது போகிற பாதையைப் பார்ப்போம்.

ஊராட்சி பற்றிய புகார் சென்னையில் பதிவாகி, மாவட்டத்துக்கு வந்து, அங்கிருந்து உங்கள் ஒன்றியத்துக்கு வருகிறது. ஒவ்வொரு யூனியன் ஆபீசிலும் இரண்டு பி.டி.ஓ.க்கள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, இன்னொருவர் கிராம ஊராட்சிகளுக்கு. உங்கள் புகார் போவது இரண்டாமவரிடம். அவர் அதை அந்தப் பகுதியைக் கவனிக்கும் துணை பி.டி.ஓ.வுக்கோ நேரே ஊராட்சிச் செயலருக்கோ அனுப்புகிறார். செயலர் போய்ப் பார்த்து, ஆள் விட்டுச் சரிசெய்து, படம் எடுத்து அனுப்ப வேண்டும். அதை வைத்து ஆபீசில் பதில் ஏற்றி, புகாரை முடிப்பார்கள்.

காலக்கெடுவும் உண்டு. பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை 2015 செப்டம்பரில் பிறப்பித்த அரசாணை எண் 99-இன்படி, மனு கிடைத்த 3 நாளுக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். முடியாது என்றால் அதையும் காரணத்தோடு சொல்ல வேண்டும். இந்த ஆணையின் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கதவைத் தட்டும்போது மனுவின் முதல் வரியில் எழுத உதவும்.

இந்தப் பாதையின் கடைக்கோடியில் நிற்பவர் ஊராட்சிச் செயலர். வரி வசூல், நூறு நாள் வேலைப் பதிவு, கிராமசபைத் தீர்மானப் புத்தகம், வீடு கட்டும் திட்டப் பயனாளிகள் பட்டியல், தண்ணீர், குப்பை என்று எல்லாம் அந்த ஒருவர் தலையில். சென்னையில் எத்தனை அழைப்பு மையங்கள் திறந்தாலும் செண்பகராமன்புதூரில் ஏணி போட்டு ஏறுகிற ஆள் ஒருவர்தான். அழைப்பு எடுக்கிறவர்களின் எண்ணிக்கை கூடிய அளவுக்கு வேலை செய்கிறவர்களின் எண்ணிக்கை கூடவில்லை. செயலரைத் திட்டுவதால் இது தீராது.

புகார் ‘முடிக்கப்பட்டது’ என்பதை யார் சொல்கிறார்? நம் முறையில் உள்ள பெரிய ஓட்டை இதுதான்.

விளக்கு எரிகிறதா என்று சொல்லத் தகுதி உள்ளவர் அந்தத் தெருவில் இரவில் நடந்து போகிறவர். ஆனால் முடித்துவைக்கும் அதிகாரம், எந்த அலுவலகத்தின் மேல் புகார் வந்ததோ அதே அலுவலகத்திடம் இருக்கிறது. கலெக்டர் ஆய்வுக் கூட்டத்தில் கேட்கப்படுவது எத்தனை மனு நிலுவை என்பது. நிலுவையைக் குறைக்க இரண்டு வழி: வேலையை முடிப்பது, அல்லது மனுவை முடிப்பது. இரண்டாவது எளிது. அதனால்தான் ‘நிதி ஆதாரத்திற்கேற்ப முன்னுரிமை அடிப்படையில் நடவடிக்கை மேற்கொள்ளப்படும்’ என்ற பதில் தமிழ்நாடெங்கும் பலருக்கும் பழக்கமாகிவிட்டது. அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. ஆனால் அதை எழுதியவுடன் கணினியில் உங்கள் புகார் தீர்ந்தவற்றின் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. விளக்கு மட்டும் எரிவதில்லை. மேலே இருக்கிற அமைச்சருக்கும் துறைச் செயலருக்கும் போகிற புள்ளிவிவரத்தில் அது வெற்றியாக ஏறுகிறது. இப்படி ஏறுவதை நான் வெறும் எழுத்துப் பிழையாகக் கருதமாட்டேன். குறைந்தபட்சம் ‘தீர்ந்தது’, ‘பதில் அனுப்பப்பட்டது’ என்று இரண்டு தனித் தலைப்புகள் வேண்டும்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. மத்திய அரசின் குறைதீர் தளத்தில் புகார் முடிந்ததும் மனுதாரரிடம் கருத்துக் கேட்கிறார்கள். மோசம் என்று குறித்தால் மேல்முறையீட்டுக்கு வழி திறக்கும். பீகார் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. 2015-இல் சட்டமே இயற்றி 2016 ஜூன் 5 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே குறைதீர் அலுவலர் என்று தனியாக ஒருவர். மனுதாரரையும் சம்பந்தப்பட்ட அதிகாரியையும் நேருக்கு நேர் உட்கார வைத்து விசாரிக்க வேண்டும். 60 வேலை நாளுக்குள் எழுத்தில் ஆணை தர வேண்டும். புகாருக்கு ஆளான அலுவலகமே தீர்ப்புச் சொல்வது அங்கே நின்றது. தமிழ்நாட்டுக்கு வேண்டியது புதிதாக இன்னொரு செயலி அல்ல, இந்த மாதிரி ஒரு சட்டம் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொரு முன்மாதிரி இங்கிலாந்தில் 2007-இல் ஒரு தன்னார்வ அமைப்பு தொடங்கிய ‘ஃபிக்ஸ் மை ஸ்ட்ரீட்’ தளம். அங்கே தெருவில் உள்ள குழியையோ எரியாத விளக்கையோ வரைபடத்தில் குறித்தால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பதும் தெரியும். ஒருவர் சொன்னதையே இன்னொருவர் மறுபடி சொல்லத் தேவையில்லை. பிரஜா சபையின் அச்சுப் பக்கங்கள் செய்த வேலையை அது வேறு விதமாகச் செய்கிறது.

களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைக்குப் போனால் கேரளத்தின் முறையைப் பார்க்கலாம். அங்கே 941 கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் ஒரே மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். 2024 ஜனவரி 1-இல் நகரங்களில் தொடங்கிய ‘கே-ஸ்மார்ட்’ 2025 ஏப்ரல் 10 முதல் கிராமங்களுக்கும் வந்தது. பிறப்புப் பதிவு, கட்டட அனுமதி, வரி, புகார் எல்லாம் ஒரே கணக்கின் வழியாக நடக்கின்றன. நம் ஊரிலும் கிராம ஊராட்சி வரியை இணையத்தில் கட்டலாம். ஆனால் வரி ஒரு தளம், புகார் வேறு தளம், கட்டட அனுமதி இன்னொரு தளம். எல்லைக்கு அப்பால் உறவு வைத்திருக்கும் விளவங்கோட்டுக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். கேரளத்தில் பஞ்சாயத்துக்கு ஊழியர்களும் பணமும் நம்மைவிட அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மென்பொருளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால் அந்தப் பலன் வராது.

சட்டம் மாறும்வரை நம்மால் செய்யக்கூடியது, எளிதில் முடித்துவிட முடியாதபடி புகாரை எழுதுவது. ‘எங்கள் ஊரில் பல நாட்களாகத் தெருவிளக்குகள் எரியவில்லை, தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்’ என்று எழுதினால், ‘தெருவிளக்குகள் அவ்வப்போது பராமரிக்கப்பட்டு வருகின்றன’ என்று பதில் வரும். இரண்டும் சரியான வாக்கியங்கள். இரண்டிலும் விஷயம் இல்லை. அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

‘தோவாளை ஒன்றியம், இன்ன ஊராட்சி, 4-ஆம் வார்டு, அம்மன் கோவில் தெரு. நூலகத்துக்கு எதிர்க் கம்பத்திலிருந்து ரேஷன் கடைக் கம்பம் வரை அடுத்தடுத்து மூன்று விளக்குகள் மார்ச் 3 முதல் எரியவில்லை. வீடுகளில் மின்சாரம் இருக்கிறது. எனவே இது ஊராட்சிப் பராமரிப்பு. கம்ப எண்கள் தெரியும்படி படம் இணைத்துள்ளேன். சரிசெய்தபின் இரவில் எடுத்த படத்தோடு பதில் தர வேண்டுகிறேன்.’

இதற்கு மழுப்பலாகப் பதில் எழுதுவது கடினம். மூன்று விளக்குகள் எரிகின்றனவா இல்லையா என்பது மட்டுமே மிச்சம். ஒரு புகாரில் ஒரு குறைதான் இருக்க வேண்டும். விளக்கு, குப்பை, ஓடை, பட்டா என்று நான்கையும் ஒரே தாளில் எழுதினால், ஏதாவது ஒன்றுக்குப் பதில் சொல்லி முழு மனுவையும் முடித்துவிடலாம். தொலைபேசியில் சொல்வதானாலும் இதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு வாசியுங்கள்; எதிர்முனையில் இருப்பவர் சென்னையில் இருக்கிறார், அவருக்கு உங்கள் தெரு தெரியாது.

முடிந்துவிட்டது என்று குறுஞ்செய்தி வந்து, வேலை நடக்கவில்லை என்றால், பழைய எண்ணைக் குறிப்பிட்டு 1100-இல் மறுபடி பதியுங்கள். அதுவும் பயன்படாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பி.டி.ஓ. ஆபீசின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதுங்கள். கேள்வி நீளமாக வேண்டாம். இந்த எண்ணுள்ள புகார் எந்த ஆவணத்தின் அடிப்படையில் முடிக்கப்பட்டது, கள ஆய்வு அறிக்கையின் நகல், வேலை செய்ததாகச் சொன்னால் அதற்கான செலவுச் சீட்டின் நகல். 30 நாளில் பதில் வர வேண்டும். பல இடங்களில் இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே விளக்கு எரிந்துவிடும். பணமே கையாடப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால் அது சாதாரணப் புகார் அல்ல. அதற்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளாட்சி முறைமன்ற நடுவர் இருக்கிறார்.

குறை வேறு, கோரிக்கை வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருக்கிற விளக்கு எரியாதது குறை. புதுத் தெருவுக்கு விளக்கு வேண்டும் என்பது கோரிக்கை. ஓடை அடைத்தது குறை. புதிதாக ஓடை கட்ட வேண்டும் என்பது கோரிக்கை. குறையைத் தீர்க்க ஆள் போதும், கோரிக்கைக்குப் பணம் வேண்டும். 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைக்கப்பட்டிருந்தது. அதைத் தெருவுக்குக் கான்கிரீட் போட எடுக்க முடியாது. அதனால் கோரிக்கையை அழைப்பு மையத்தில் சொன்னால் ‘நிதி ஆதாரத்திற்கேற்ப’ என்ற பதில்தான் வரும். அந்த இடத்தில் அந்தப் பதில் நியாயமானதும்கூட. கோரிக்கைக்கு உரிய இடம் கிராமசபை. அங்கே தீர்மானமாகி ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் ஏறினால்தான் பணம் ஒதுங்கும்.

கைபேசி வழிப் புகார் எல்லோருக்கும் ஒரே மாதிரி எட்டுவதில்லை. பேச்சிப்பாறைக்கு மேலே காணிக் குடியிருப்புகளில் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி நடக்க வேண்டியிருக்கிறது. கடற்கரையில் ஆழ்கடலுக்குப் போகிறவர் வாரக்கணக்கில் கரையில் இருப்பதில்லை. சரிபார்க்கிற அழைப்பு வரும்போது அவர் எண் எல்லைக்கு வெளியே இருக்கும். அதனால் வீட்டில் இருக்கும் பெண்ணின் எண்ணைக் கொடுத்துப் பதிவது நல்லது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது மரமும் மின்கம்பமும் சாய்ந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த மாவட்டம் இது. புகார் அதிகம் எழுகிற நாளில்தான் டவர்களும் வேலை செய்யாமல் போகின்றன. தாளும் பேனாவும் ஒப்புகைச் சீட்டும் யூனியன் ஆபீசில் எப்போதும் இருக்க வேண்டும் என்று சொல்வது பழமைவாதம் ஆகாது. எழுதத் தெரியாதவர், வயதானவர் இ-சேவை மையத்தில் போய்ப் பதியலாம். ஆனால் எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மையக்காரரின் கைபேசி எண்ணைக் கொடுத்துப் பதிந்தால் பதில் அவருக்குத்தான் போகும்.

பயத்தைப் பற்றியும் பேச வேண்டும். நகரத்தில் புகார் கொடுத்தவர் யார் என்று எவருக்கும் தெரியாது. நாஞ்சில் நாட்டு ஊர்களில் ஓடைப் புறம்போக்கை ஆக்கிரமித்தவர் வீட்டுக்கும் புகார் கொடுத்தவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான் இருக்கும். பெயரும் எண்ணும் கீழே இறங்கி வருவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அப்புறம் கோவில் கொடை, கல்யாண வீடு எல்லாவற்றிலும் அது வந்து நிற்கும். ஆக்கிரமிப்பு, முறைகேடு போன்ற புகார்களில் மனுதாரர் விவரம் மாவட்ட அலுவலகத்தோடு நிற்க வேண்டும். ஊராட்சிக்கு இடமும் குறையும் மட்டும் தெரிந்தால் போதும். கணினியில் இதைச் செய்வது கடினமான வேலை அல்ல. அதுவரை இப்படிப்பட்டவற்றைத் தனியாளாகக் கொடுக்காமல் மகளிர் குழு, குடியிருப்போர் சங்கம், ஊர்க் கமிட்டி, பங்குப் பேரவை என்று அமைப்பின் பெயரில் கொடுப்பது பாதுகாப்பானது.

2019 டிசம்பர் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களின் கைக்குப் போயின. கிராம ஊராட்சிக்குத் தனி அலுவலர் வேறு யாருமல்ல, பி.டி.ஓ.தான். தமிழ்நாட்டுச் சட்டப்படி ஊராட்சித் தலைவரே ஊராட்சியின் நிர்வாக அலுவலர். காசோலையில் துணைத் தலைவரோடு சேர்ந்து கையெழுத்துப் போடுகிறவரும் அவர்தான். அந்த இடத்திலும் பி.டி.ஓ., புகாரைப் பெறும் இடத்திலும் பி.டி.ஓ., முடித்துவைக்கும் இடத்திலும் பி.டி.ஓ. என்றானது. அதே நேரத்தில் 2022-இல் தேர்தல் நடந்த பேரூராட்சிகளில் கவுன்சிலர்கள் இருந்தார்கள். தாழக்குடிக்காரர் கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்ட முடிந்தது. ஈசாந்திமங்கலத்துக்காரருக்குக் கைபேசி எண் மட்டும். வார்டு மெம்பர் இருந்தால் காலையில் டீக்கடையில் சொன்னது மாலையில் நடந்துவிடும்; எந்தக் கணினியிலும் அது பதிவாகாது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுக்கு மாற்றாக ஓர் அழைப்பு மையத்தை வைக்கவே முடியாது.

தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் கிராமசபை நடக்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு. அங்கே இன்று வரவு செலவு வாசிக்கப்படுகிறது, திட்டங்கள் வாசிக்கப்படுகின்றன. போன கூட்டத்துக்குப் பின் இந்த ஊராட்சியின் பேரில் வந்த புகார்கள் எத்தனை, எந்த வார்டு, என்ன குறை, எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் முடிந்தது என்ற பட்டியலும் வாசிக்கப்பட வேண்டும். மனுதாரர் பெயர் வேண்டாம். விவரம் எல்லாம் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு தாளில் அச்செடுத்தால் போதும். பேச்சிப்பாறை அணையில் ஷட்டர் திறந்த கணக்கு ஒன்று, கடைவரம்பு வயலில் தண்ணீர் ஏறிய கணக்கு வேறொன்று என்பது நாஞ்சில் நாட்டு விவசாயிக்குத் தெரியும். கடைவரம்பில் இருப்பவர் எழுந்து ‘நான்காம் வார்டு விளக்கு முடிந்ததாக வாசித்தீர்களே, இன்னும் எரியவில்லை’ என்று சொல்ல அந்தக் கூட்டம் இடம் தர வேண்டும். சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும்.

இதற்குப் புதிய அரசாணைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கிராமசபையில் ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்தால் அடுத்த கூட்டத்திலிருந்து புகார்ப் பட்டியலை வாசிக்கக் கேட்டுத் தீர்மானம் போடலாம். தீர்மானத்தை எழுதிக் கையெழுத்துப் போடும் முன் செயலரிடம் ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். நகலுக்கு அன்றே எழுதிக் கொடுங்கள். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது அந்த நகலும், உங்கள் தெருவில் இதுவரை வந்த புகார் எண்களை எழுதிய ஒரு தாளும் கையில் இருக்கட்டும்.